கோச்சியில் போய் நடந்துவிட்டுக் கோச்சியிலேயே திரும்புவது: இலங்கை மலையகத்தில் ஒருநாள் நடைக்கு முழு வழிகாட்டி

ஒஹிய ஸ்டேஷன் மேடையில் நின்றுகொண்டு, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு பனிமூட்டத்துக்குள் போய் மறைவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் நான் ஏறியிருக்க வேண்டும். ஏழு நிமிடம் பிந்திவிட்டேன். கூட வந்த நாலு பேரும் என்னையே பார்த்தார்கள், திட்டம் போட்டவன் நான் அல்லவா. மலை, பாதை, மதியச் சாப்பாடு எல்லாம் ஒழுங்காகப் பார்த்து வைத்திருந்தேன். திரும்பும் கோச்சியை மட்டும் "அது வரும்போது ஏறிக்கலாம்" என்று விட்டிருந்தேன்.

எங்கள் பக்கம் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பேர். அன்றைக்குப் பிறகு திட்டம் போடும் வரிசையையே மாற்றிவிட்டேன். முதலில் ஸ்டேஷன், அடுத்து திரும்பும் கோச்சி, அப்புறம் வழிகாட்டி, கடைசியில்தான் மலை. இந்தக் கட்டுரையும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் போகும்.

1. பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கை சின்ன நாடு. 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை போகும் மலையகப் பாதையின் நீளமும் 290 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் கடல்மட்டத்திலிருந்து 6,226 அடிக்கு ஏறி, மறுபக்கம் இறங்கிவிடுகிறது. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் நடுவே அந்த உயரத்தை எழுதிய பலகை நிற்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும், அதன்பின் ஒரு சுரங்கம் வரும். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. இங்கே மழை கொட்டிக்கொண்டிருக்க, அங்கே வெயிலடித்ததை ஒரே பயணத்தில் பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

பாதை போட்டது கோப்பிக்காக. கண்டிக்கு 1867-இல் கோச்சி வந்தது, நாவலப்பிட்டிக்கு 1874-இல். நானுஓயாவைத் தொட்ட 1885-க்குள் கோப்பிச் செடியை நோய் தின்றுவிட்டது, மலையெல்லாம் தேயிலையாகிக்கொண்டிருந்தது. பண்டாரவளை 1894, பதுளை 1924. தேயிலைப் பெட்டி ஏற்றத் தோட்டத்துக்குத் தோட்டம் நின்றாக வேண்டியிருந்ததால், சில கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். பாதி ஸ்டேஷன்களைச் சுற்றி ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, மலைதான். நடக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மண்சரிந்து இந்தப் பாதை பல இடங்களில் உடைந்தது. அதனால் பழைய நேர அட்டவணையையோ, போன வருடம் போய்வந்த நண்பரின் சொல்லையோ நம்பிக் கிளம்ப வேண்டாம். எந்தப் பகுதியில் கோச்சி ஓடுகிறது, எதில் பஸ்ஸில் மாற வேண்டும் என்பதைக் கிளம்பும் வாரத்தில் ரயில் நிலையத்தில் கேளுங்கள். அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு 1919-இல் தமிழிலேயே பேசலாம். கீழே ஒவ்வொரு நடைக்கும் நான் கோச்சி என்று எழுதும்போதெல்லாம், "ஓடினால்" என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

2. திரும்பும் கோச்சியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

மலையகப் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தடம். எதிரில் வரும் வண்டிக்காக ஸ்டேஷனில் காத்து நின்றுதான் போக வேண்டும். ஒரு வண்டி அரை மணி தாமதமானால் எதிர்ப்பக்கத்து வண்டியும் தாமதம். இதை நம்பி நீங்களும் தாமதமாகப் போகக் கூடாது. பிந்தி வரும் கோச்சி, நாம் பிந்துகிற அன்றைக்கு மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிடும்.

கணக்கு இப்படி. திரும்பும் கோச்சி பின்னேரம் 4 மணிக்கு என்று வையுங்கள். ஸ்டேஷனில் 3 மணிக்கு இருக்க வேண்டும். நடையின் இறங்குவழி இரண்டரை மணி நேரம் என்றால், உச்சியிலிருந்து 12.30-க்குக் கிளம்பியாக வேண்டும். அந்த 12.30-தான் உங்கள் திரும்பும் நேரம். உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம் என்று யார் சொன்னாலும் 12.30-க்குத் திரும்ப வேண்டும். வழிகாட்டியிடம் காலையிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், நடுவழியில் சொன்னால் சண்டை வரும்.

ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நீங்கள் பிடிக்கப்போகும் கோச்சி அங்கே நிற்குமா? உடரட மெனிகே, பொடி மெனிகே போன்ற விரைவு வண்டிகள் பெரிய இடங்களில்தான் நிற்கும். சின்ன ஸ்டேஷனுக்குச் சாதாரண கோச்சிதான், ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவே. இரண்டாவது, கடைசிக் கோச்சி போய்விட்டால் பஸ் போகும் ரோடு எவ்வளவு தூரம்? அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, ஹட்டன், தலவாக்கலை என்றால் கவலையில்லை. ஒஹிய, இதல்கசின்ன என்றால் யோசிக்க வேண்டும். நான் மாட்டியது அப்படித்தான்.

கண்டியில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு தகவல். கண்டி இந்தப் பெரும்பாதையில் இல்லை, பேராதனையில் பிரியும் கிளையில் இருக்கிறது. பொடி மெனிகே கண்டிக்குள் வந்து போகும், உடரட மெனிகே வராது. பேராதனைச் சந்திக்குப் போய்த்தான் ஏற வேண்டும். கண்டி மேடையில் உட்கார்ந்து உடரட மெனிகேக்குக் காத்திருந்தவர்களின் கதை நிறைய இருக்கிறது.

3. மாதம்

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை. ஹட்டன், வட்டவளை, நாவலப்பிட்டிப் பக்கம் அப்போது நனைந்துகொண்டேயிருக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளையிலிருந்து பதுளை வரை, காய்ந்து கிடக்கும். காற்றுதான் அடித்துத் தள்ளும். புல்மலைகள் தீப்பிடிப்பதும் அந்தக் காலத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு பக்கமும் மழை, மண்சரிவு எச்சரிக்கைகளும் அப்போதுதான் அதிகம். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை எங்கும் நடக்கலாம்.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசச் செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றாலே நடையைத் தள்ளிப்போடுங்கள். அதற்கு மேலே உள்ள நிறங்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

4. டிக்கெட்

முன்பதிவு ஆசனங்கள், அதிலும் எல்லப் பக்கம் போகும் வண்டிகளில், திறந்தவுடன் முடிந்துவிடும். பிறகு அதே ஆசனத்தைப் பல மடங்கு விலைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் ஸ்டேஷன் வாசலில் நிற்பார். வாங்காதீர்கள். அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கேட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஒருநாள் நடைக்கு முன்பதிவே வேண்டாம் என்பது என் கட்சி. கொழும்பிலிருந்து ஒரே மூச்சில் வருவதானால் சரி, வேண்டும். நடை தொடங்கும் இடத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்தில் முதல் நாள் இரவு தங்கிவிட்டால், காலையில் கவுண்டரில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து ஏறிவிடலாம். சில்லறை வைத்திருங்கள். சின்ன ஸ்டேஷன்களில் கோச்சி வருவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்தான் கவுண்டர் திறப்பார்கள், ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாஸ்டருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

5. வழிகாட்டியைப் பிடிப்பது

இதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் சிரித்துக்கொண்டு வருகிறவரோடு போய்விடுகிறார்கள்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுக்கிறது. நாடு முழுவதும் கூட்டிப்போகிறவர்கள், வண்டியோட்டியபடியே வழிகாட்டுகிறவர்கள், ஒரு பிரதேசத்துக்கு மட்டும், ஒரு இடத்துக்கு மட்டும் என்று வகைகள் உண்டு. கழுத்தில் அட்டை தொங்கும். அட்டையைப் பாருங்கள், தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஆனால் அட்டை இருப்பதால் மட்டும் அவருக்கு உங்கள் மலை தெரியும் என்று ஆகாது. தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்துப் பாடசாலையில் படித்து, இப்போது வழிகாட்டியாக இருக்கும் ஆளைத்தான் நான் தேடுவேன். அவருக்குத்தான் எந்த மலையில் இன்றைக்குக் கொழுந்து எடுக்கிறார்கள், எதில் மருந்து அடிக்கிறார்கள், எந்தக் கான் (வடிகால்) மழையில் உடைந்திருக்கிறது என்று தெரியும். தங்கும் விடுதியில் கேட்டால் பெரும்பாலும் இப்படி ஒருவரைச் சொல்வார்கள். தமிழில் பேசலாம் என்பது நமக்குக் கூடுதல் வசதி.

போனில் பேசும்போது நான் கேட்பவை:

"அண்ணே, இந்தப் பாதையில கடைசியா எப்ப நடந்தீங்க?" போன மாதம் என்றால் நல்லது. "அது எப்பவும் போற பாதைதான்" என்றால், இன்னொருவரைத் தேடுவேன்.

"பாதி வழியில மழை புடிச்சா எங்க இறங்குவோம்?" நல்ல வழிகாட்டியிடம் இதற்கு உடனே பதில் இருக்கும், இந்த டிவிஷன் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு), அந்தக் கோயில் மண்டபத்துக்கு என்று இடத்தின் பேரோடு.

"எத்தனை மணி கோச்சிக்குத் திரும்புவோம்?" இந்தக் கேள்விக்கு அவர் உங்களைத் திருப்பி ஏதாவது கேட்டால், உதாரணமாகக் கூட வருகிறவர்களில் முழங்கால் வலிக்காரர் யாராவது உண்டா என்று, அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பணத்தை முதலிலேயே பேசுங்கள். ஆளுக்கு எவ்வளவா, கூட்டத்துக்கு எவ்வளவா? ஓட்டோ செலவு யாருடையது? நுழைவுக் கட்டணம் சேர்த்தா, தனியா? மழையால் திரும்பினால் என்ன? பேசியதை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக எழுதி அனுப்பிவிடுங்கள். இது நம்பிக்கையின்மை என்று யாரும் நினைப்பதில்லை, அவருக்கும் அது நல்லது. அவருடைய மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் போகக் கூடாது. ஒற்றையடிப் பாதையில் பத்தாவது ஆள் என்ன ஆனார் என்று முதலாமவருக்குத் தெரியாது.

6. பைக்குள் என்ன

காலில் பிடிப்புள்ள சப்பாத்து. மழைக்கோட்டு, எந்த மாதமானாலும். குடை வேண்டாம், காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர். காலையில் கட்டிக்கொடுக்கச் சொன்ன தேங்காய் ரொட்டியும் கட்டு சம்பலும் மதியம் வரை கெடாது, சோற்றுப் பார்சலை விட இது மேல். சின்ன டார்ச். சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய, அதனால் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்புலன்ஸுக்கு 1990 என்பதையும் பதிந்து வையுங்கள்.

இரத்தம் குடிக்கும் அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை பெய்த மறுநாள் புல்லுக்குள் கால் வைத்தால் போதும், இலை நுனியில் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருக்கும். நூல் மாதிரி மெல்லிசாக இருப்பது, குடித்து முடித்தபின் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிடும். கடிக்கும்போது தெரியவே தெரியாது. காற்சட்டைக் காலை நீளக் காலுறைக்குள் செருகிவிட்டு, காலுறையின் மேல் ஈரச் சோப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்க வேண்டாம், நகத்தை அதன் வாய்க்கு அடியில் கொடுத்துத் தள்ளினால் வந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒன்றைச் செலுத்திவிடும் என்பதால் காயம் சின்னதானாலும் வெகுநேரம் கசியும். பயப்பட வேண்டாம், கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

அட்டை சிரித்துக்கொண்டே சமாளிக்கிற விஷயம், குளவி அப்படியல்ல. தேயிலை மலைகளில் குளவி கொட்டி ஆட்கள் இறந்த செய்தி எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சென்ட் பூசாதீர்கள், கத்தாதீர்கள், மரத்தில் கல் எறியாதீர்கள். வழிகாட்டி கையை உயர்த்தி நிற்கச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் நில்லுங்கள். கலைந்து வந்துவிட்டால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வேகமாக விலக வேண்டும். குளவிக் கொட்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. எந்த ஸ்டேஷன், எந்த நடை

ஒஹிய: உலக முடிவு

ஹோர்ட்டன் சமவெளி 1988-இல் தேசியப் பூங்காவானது. 2010 முதல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து உலக மரபுரிமை. 2,100 மீட்டருக்கு மேலே புல்வெளி, நடுநடுவே குள்ளமாய் முறுக்கிக்கொண்ட காட்டு மரங்கள், மரை மான்கள். நடை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வட்டம், மூன்று முதல் நாலு மணி நேரம். வழியில் சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி. பெரிய உலக முடிவில் தரை சட்டென்று நின்று, சுமார் 870 மீட்டர் கீழே இறங்குகிறது.

கீழே பார்க்க வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். அதன்பிறகு பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவரும். முதலில் தூரத்துக் குளம் மறையும், அப்புறம் கீழுள்ள தோட்டத்துக் கூரைகள், கடைசியில் உங்கள் காலடியில் இருக்கும் புல். பத்து மணிக்கு வந்தவர்கள் வெள்ளைச் சுவரின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு போவார்கள்.

சிக்கல் என்னவென்றால் ஒஹிய ஸ்டேஷனிலிருந்து பூங்காவுக்குள் நடை தொடங்கும் இடம் பத்துப் பதினொரு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். காலையில் அப்புத்தளையிலிருந்து கோச்சி ஏறினால் மேகத்துக்கு முன் போய்ச் சேர முடியாது. இரண்டே வழிதான். இரவுத் தபால் கோச்சியில் வந்து விடியுமுன் ஒஹியவில் இறங்கலாம். இல்லாவிட்டால் முதல்நாளே ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ தங்கலாம். இரண்டிலும் ஓட்டோவை முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்நாட்டவரைவிடப் பல மடங்கு, வரியும் சேரும். வாசலில் பையைத் திறந்து பொலித்தீன், பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். ரொட்டியை வாழையிலையிலோ டப்பாவிலோ கொண்டுபோனால் பிரச்சினை இல்லை.

திரும்பும்போது ஓட்டோ வேண்டாம், ஒஹியவுக்கு நடந்தே இறங்குங்கள். கூட்டம் முழுக்கப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும், இந்த ரோட்டில் நீங்களும் உங்கள் வழிகாட்டியும்தான். ஆனால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஏழு நிமிடத்தைத் தொலைத்தது இந்த ரோட்டில்தான்.

அப்புத்தளை: லிப்டன் இருக்கை

தோமஸ் லிப்டன் 1890-இல் இங்கே தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்ன தொழிற்சாலையும் அந்த வருடத்தது. அப்புத்தளையிலிருந்து தோட்டத்து ஆட்களோடு பஸ்ஸில் தொழிற்சாலை வரை போகலாம். அங்கிருந்து உச்சிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர், தோட்டத்து ரோட்டில். உச்சி 1,970 மீட்டர் அளவு. இங்கேயும் மேகம் அதே வேலையைத்தான் செய்யும். அதனால் விடியுமுன் ஓட்டோவில் மேலே போய்விட்டு நடந்து இறங்குவதே புத்திசாலித்தனம். நடைப் பிரியர்கள் இதை ஏமாற்று என்பார்கள், இருக்கட்டும். உச்சியில் ஒரு பிளேன்டீயும் வடையும் கிடைக்கும், லிப்டன் கையில் கோப்பையோடு சிலையாக உட்கார்ந்திருப்பார்.

இறங்கும்போது குறுக்குப் பாதைகள் நிறைய. அவை லயத்து வாசல்கள் வழியாகப் போகும். வழிகாட்டி இல்லாமல் அதில் இறங்காதீர்கள். தொலைந்துபோவீர்கள் என்பதற்காக இல்லை, அது ஒருவரின் வீட்டு முற்றம்.

எல்ல, தெமோதர

எல்லப் பாறைக்கு வழி தவறுவது ஒரு சின்ன வியாபாரமாகவே நடக்கிறது. "இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்று ஒருவர் சொல்வார், பத்து நிமிடம் கழித்துத் தொலைந்த உங்களை இன்னொருவர் காசுக்குக் கூட்டிப்போவார். எல்லோரும் சொல்லும் பாதை தண்டவாளத்தின் மேலேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் போகிறது. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், வளைவில் கோச்சி வந்தால் ஒதுங்க இடமும் இருக்காது. ஊர்ப்பாதை வழியாகக் கூட்டிப்போகிறீர்களா என்று கேட்டு வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்குப் பிடித்தது எதிர்ப்பக்கம். எல்லயிலிருந்து ஒன்பது வளைவுப் பாலம், அங்கிருந்து தோட்டங்கள் வழியாகத் தெமோதர. பாலம் 1921-இல் முடிந்தது. இரும்பு கிடையாது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். தெமோதரயில் கோச்சி ஸ்டேஷனிலிருந்து கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. இவ்வளவு உயரத்தை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் தவித்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, ஸ்டேஷன் மேடையில் நின்று கீழே கோச்சி போவதைப் பார்க்கும்போது தலைப்பாகை ஞாபகம் வந்துவிடுகிறது. பதுளை போகும் கோச்சி வரும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேரும்படி நடையை அமையுங்கள்.

வட்டகொடையிலிருந்து கொட்டகலை

பெக்கோ டிரெயில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் பிரித்த பாதை. பழைய தேயிலை வண்டிப் பாதைகளைத்தான் இணைத்திருக்கிறார்கள். கோச்சிக்காரர்களுக்கு ஏற்றது வட்டகொடையில் தொடங்கிக் கொட்டகலையில் முடியும் பகுதி, ஏனென்றால் இரண்டு முனையிலும் ஸ்டேஷன். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. இடையில் தலவாக்கலை ஸ்டேஷன் வேறு இருக்கிறது, முடியாதவர்களை வழிகாட்டி மெயின் ரோட்டுக்கு இறக்கிவிடலாம். பெயர்பெற்ற உச்சி எதுவும் இதில் இல்லை. அதனாலேயே கூட்டமும் இல்லை. முதல்முறை நடப்பவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் இதைத்தான், உலக முடிவை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடந்து முடித்துக் கொட்டகலையில் ஏறி ஹட்டன் பக்கம் போனால், உடனே சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுவதும் "ஊ" என்று கத்தும், நீங்களும் கத்தலாம்.

ஹட்டனில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் சிவனொளிபாதமலைக்கு. 2,243 மீட்டர், டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) மே போயா வரை பருவம். அது இரவில் ஏறும் மலை, ஒருநாள் நடைக்குள் அடங்காது.

8. தோட்டத்துக்குள் நடக்கும்போது

நீங்கள் காட்சி என்று பார்ப்பது இன்னொருவரின் வேலைத்தளம். கொழுந்து எடுக்கும் பெண்ணை நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, கூடையைத் திருப்பச் சொல்லிப் படமெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு இத்தனை கிலோ என்று அவருக்குக் கணக்கு இருக்கிறது. உங்களுக்காக நின்ற ஐந்து நிமிடம் மாலையில் தராசில் குறையும். ஒருமுறை இப்படி ஒருவர் கேமராவைத் தூக்கியபோது எங்கள் வழிகாட்டி மெதுவாகச் சொன்னார், "தம்பி, அது எங்க சின்னம்மா. கேட்டுட்டு எடுங்க." அதற்கப்புறம் அன்றைக்கு யாரும் கேமராவைத் தொடவில்லை.

வணக்கம் சொல்லுங்கள், வழிவிடுங்கள். தலையில் கொழுந்து மூட்டையோடு வருகிறவருக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலைக்குள் குறுக்கே இறங்காதீர்கள், வெட்டிய மட்டைகள் சப்பாத்தையும் கிழிக்கும். மருந்து அடிக்கும் மலை என்றால் சுற்றிப் போங்கள். பிள்ளைகளுக்கு டொபி, பேனை கொடுக்கும் பழக்கம் வேண்டாம், பாடசாலைக்குப் போகிற பிள்ளை ரோட்டில் வெள்ளைக்காரரைத் தேடி நிற்கிறது.

9. திரும்பும்போது

ஸ்டேஷனுக்கு வந்ததும் மாஸ்டரிடம் "கோச்சி எங்க வருது?" என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் அட்டவணையில் உள்ளதைச் சொல்வார். எங்கே வருகிறது என்று கேட்டால் எந்த ஸ்டேஷனைவிட்டுக் கிளம்பிவிட்டது என்று சொல்வார், பக்கத்து ஸ்டேஷனோடு பேசித்தான் அவர் வண்டியையே வாங்குகிறார். தேத்தண்ணி குடிக்க நேரம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

வழிகாட்டிக்கு மிச்சப் பணத்தை மேடையிலேயே கொடுத்துவிடுங்கள், கோச்சி வந்தபின் ஜன்னல் வழியாக நீட்டாதீர்கள். கதவில் தொங்கிப் படமெடுப்பதும் வேண்டாம். அப்படி விழுந்து செத்தவர்கள் உண்டு, பாறையும் சுரங்க வாயும் பெட்டிக்கு அவ்வளவு கிட்ட வரும்.

அப்புறம், மணி அடிப்பதற்குள் ஓரமாகப் போய்ச் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உதறிவிட்டுப் போடுங்கள். விரல் இடுக்கையும் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் சேலைக்கு நீங்கள் மலையிலிருந்து கொண்டுவந்த அட்டை ஏறிப்போனால், பதுளை வரை பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.